வளையம் இறுகினால் காத்திருக்க வேண்டாம்

(மருத்துவ உதவிக் குழுவின் மாதக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

இரண்டு மாதத்திற்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரிக்காக உதவி கேட்டு மனு வந்தது. "இரைப்பை வளையம், வலி, வாந்தி" என்று எழுதியிருந்தது. உடம்பு இளைக்க ஆசைப்பட்டுச் செய்துகொண்டதற்கு ஜகாத் பணமா என்று நினைத்து, மனுவை அடுத்த கூட்டத்திற்கு ஒதுக்கி வைத்தவன் நான்தான். விசாரிக்காமல் செய்தேன்.

அவருக்குச் சர்க்கரையும் கடுமையான முழங்கால் வலியும் இருந்தன. கணவரோடு வளைகுடாவில் இருந்தபோது டாக்டர் சொல்லித்தான் வளையம் பொருத்தினார்கள். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. "தின்றே பெருத்தவள்" என்ற பேச்சுக்குப் பயந்து மறைத்துவிட்டார்.

இது என்னவென்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம். அதிலிருந்து ஒரு சிறு குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பொத்தான் அளவுள்ள ஒரு போர்ட்டில் முடிகிறது. அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இறுக்கம் கொஞ்சம் கூடினாலும் தொல்லைதான்.

ஊருக்கு வந்தவர், இங்கே ஒரு கிளினிக்கில் வளையத்தை இறுக்கிக்கொண்டார். அன்றிரவே குடித்த தண்ணீர் திரும்பி வந்தது. வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மேல்வயிற்று வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். பக்கத்தில் மாமியார் நின்றதால் வளையத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அல்சர் என்று நினைத்து டிரிப் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த டாக்டரை எப்படிக் குறை சொல்வது?

ஐந்தாம் நாள்தான் கணவர் போனில் விஷயத்தைச் சொன்னார். அறுவை சிகிச்சை நிபுணர் ஊசியால் உப்புநீரை எடுத்தார். சிறிது நேரத்தில் தண்ணீர் இறங்கியது. ஆனால் எக்ஸ்ரேயில் வளையம் இடம் நழுவியிருப்பது தெரிந்தது. இரைப்பையின் ஒரு பகுதி வளையத்திற்கு மேலே ஏறி மாட்டிக்கொண்டால் அங்கே ரத்த ஓட்டமே நின்றுபோகலாமாம். ஆகவே ஆபரேஷன் செய்து வளையத்தை எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது வீட்டில் இருக்கிறார்.

நம் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இந்த வளையத்தோடு இன்னும் சிலர் நம்மிடையே இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். வளையத்தை இறுக்கியதும் உட்கார்ந்தபடி தண்ணீர் குடித்துப் பார்த்து, அது இறங்கிய பிறகே கிளினிக்கை விட்டு வாருங்கள். பிறகு எத்தனை நாள் கஞ்சி, சூப்பு என்று டாக்டர் சொல்கிறாரோ அதன்படி நடங்கள். ஊசி போட்ட இடத்தில் லேசான வலி இருக்கும், அது தணிந்துவிடும். தண்ணீரோ எச்சிலோ இறங்காவிட்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும், மேல்வயிற்று வலி விடாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். படுத்ததும் எதுக்களித்து இருமல் வருவதும் இறுக்கம் கூடியதற்கு அடையாளம். போர்ட் இருக்கும் இடம் சிவந்து, காய்ச்சல் வந்தால் கிருமி தொற்றியிருக்கலாம். வலிக்கு புரூபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை நீங்களாக விழுங்காதீர்கள்; இரைப்பையைப் புண்ணாக்கும். பல நாள் வாந்தி எடுத்தவருக்கு பி1 வைட்டமின் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் வாந்தி எத்தனை நாளாக என்பதைச் சொல்லிவிடுங்கள்.

போர்ட்டில் குத்த தனி ஊசி உண்டு; சாதாரண ஊசி அதைக் கெடுத்துவிடும். எந்தக் கம்பெனி வளையம், எத்தனை மில்லி ஏற்றியது என்ற சீட்டைப் பர்ஸிலேயே வைத்திருங்கள்.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாங்கு சொன்னதும் வடையும் சமோசாவுமாக அள்ளிப் போடும் நம் வழக்கம் வளையம் உள்ளவருக்கு ஆகவே ஆகாது. வாந்தியும் வலியுமாக இருப்பவர் நோன்பை விட்டுப் பிறகு களா செய்ய மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. வீட்டார் வற்புறுத்த வேண்டாம்.

அந்தச் சகோதரியின் மனு சென்ற வாரம் ஏற்கப்பட்டு, ஆபரேஷன் செலவில் நம் பங்கு கொடுக்கப்பட்டது. இனி மருத்துவ மனுக்களை 3 நாளுக்குள் ஒரு டாக்டரிடம் காட்டிய பிறகே முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ். பெண்கள் ஆண்களிடம் சொல்லத் தயங்கினால், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்தில் நம் மகளிர் குழு சகோதரிகள் இருப்பார்கள். அவர்களிடம் சொன்னது வெளியே போகாது.

வஸ்ஸலாம்.