வீடும் தோழமையும்



திரைப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆயினும், நெடுநாளாக நம் மனத்தில் ஊறிப்போன ஓர் எண்ணத்தை இரண்டு மூன்று மணி நேரத்தில் அசைத்துவிடும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. வீடற்றவரைப் பற்றியும் நட்பைப் பற்றியும் நம் நோக்கை மாற்றக்கூடிய இரு படங்களைக் குறித்து இன்று சிந்திப்போம்.

முதலாவது, 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’. கிருஷ்ணன், பஞ்சு இருவரும் இயக்க, மு. கருணாநிதி உரையாடல் எழுத, சிவாஜி கணேசன் அறிமுகமான படம் அது. அதன் நீதிமன்றக் காட்சியை அறியாத தமிழர் அரியர். நான் நினைவூட்ட விரும்புவது அதற்கு முந்திய பகுதியை. இரங்கூனில் வளமாக வாழ்ந்த குணசேகரன், தங்கையைக் காணக் கப்பலேறிச் சென்னைக்கு வருகிறான். கொண்டுவந்த பொருளனைத்தையும் பறிகொடுத்துத் தெருவில் நிற்கிறான். தந்தையையும் கணவனையும் இழந்த தங்கை கண்ணெதிரே இட்டலி விற்றுப் பிழைக்கிறாள். அவளிடம் ‘நான்தான் உன் அண்ணன்’ என்று சொல்லவும் நாணி, பித்தனைப் போல் நடிக்கிறான்.

வீடிழந்தவனுக்கு நேரும் பெருந்துன்பம் மழையும் வெயிலும் என்றே நாம் எண்ணுகிறோம். அவன் தன் பெயரையே வெளியிட இயலாதவனாகிவிடுகிறான் என்பதை இப்படம் காட்டுகிறது. விமலா என்னும் பெண் அவன் கதையைச் செவிமடுத்துக் கேட்கும்போதுதான் அவன் மீண்டும் மனிதனாகிறான். போரில் காலிழந்த அண்ணன் ஞானசேகரனோ, பிச்சையெடுப்போரை ஒன்றுதிரட்டிச் சங்கம் அமைக்கிறான்.

இது முற்றிலும் கற்பனையன்று. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன் மீது குண்டு வீசிய பின், பல லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். காட்டுவழியே நடந்து வந்தோரும், நடுவழியில் மாண்டோரும் பலர்.

இரண்டாவது, சார்லி சாப்ளின் 1931இல் அளித்த ‘சிட்டி லைட்ஸ்’. இளமையில் இலண்டன் ஏழையர் விடுதியில் வாடியவர் சாப்ளின். இப்படத்தில் அவர் ஏற்ற நாடோடி, தற்கொலைக்கு முயலும் செல்வன் ஒருவனைக் காப்பாற்றுகிறான். போதை ஏறியபோதெல்லாம் அச்செல்வன் நாடோடியை ஆரத் தழுவுகிறான். போதை தெளிந்ததும் ‘இவன் யார்?’ என்று விரட்டுகிறான். மாறாக, பார்வையற்ற பூக்காரப் பெண் ஒருத்தி, அந்த நாடோடியின் உதவியால் கண்ணொளி பெற்ற பிறகு, கந்தலணிந்த அவனைக் கையின் தொடுகையால் அறிந்துகொள்கிறாள். தெளிந்த நிலையில் அடையாளம் கண்டுகொள்வதே நட்பு. இதைவிடச் சிறந்த இலக்கணம் நட்புக்கு உண்டோ?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டு மைசூரில் வாழும் எனக்கு, இவ்விடத்தில் இரு மொழிகளின் வழக்கும் நினைவுக்கு வருகின்றன. ஒன்றுமற்றவனைக் கன்னடத்தில் ‘மனெ மட இல்லாதவன்’ என்பர். வீடும் இல்லை, வழிப்போக்கருக்கு இடமளிக்கும் மடமும் இல்லை என்பது அதில் நான் காணும் பொருள். தமிழிலும் ‘வீடு வாசல் இல்லாதவன்’ என்பதுண்டு. ஆனால் நாம் அதனினும் கொடுமையாகச் சொல்லும் சொல் ‘நாதியற்றவன்’. கூரை இல்லாமை அன்று, கேட்பார் இல்லாமையே அச்சொல்லின் பொருள். இரு படங்களும் கூறுவது அதுவே.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஓர் உறைவிடம் வேண்டும் என்ற அளவுகோலை 2013இல் தொடங்கிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஏற்றது. இவை இன்றியமையாதவை. எனினும் உறைவிடம் இரவைக் கழிக்கத்தான் உதவும். ‘உன் பெயர் என்ன, எந்த ஊர்?’ என்று கேட்பது மனிதர் கடமை.

படம் பார்த்துக் கண்ணீர் விடுவதோடு அக்கடமை தீர்ந்துவிடாது. அரங்கினுள் நாடோடிக்காக அழுதுவிட்டு, வெளியே நடைபாதையில் உறங்குபவரைத் தாண்டிச் செல்வதும் நிகழக்கூடியதே. திரை முகத்தைக் காட்டும். நின்று பார்க்க வேண்டியவர் நாம்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. ஒரு பெட்டியும் ஒரு முகவரித் தாளுமாகப் புதிய ஊரின் இரயில் நிலையத்தில் இறங்கிய நாளை நம்முள் பலர் அறிவர். அன்று நமக்கும் நடைபாதைக்கும் இடையே நின்றது சுவரன்று. கதவைத் திறந்து ‘உள்ளே வாருங்கள்’ என்ற ஒருவர். தமிழராயினும் கன்னடராயினும் அவர் நம் நண்பர். அத்தகைய ஒருவர் வாய்க்காமற் போனவரே இன்று நிலைய வாயிலில் படுத்திருக்கிறார். அவருக்கு ஒரு நாணயம் அளிப்பது இரக்கம். அதனை அளிக்கும்போதே பெயர் கேட்டு, மறுநாள் அப்பெயர் சொல்லி அழைப்பது தோழமை.