‘இதர’ என்ற தட்டு

(நூலகப் பொறுப்பு ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)

நான் நூலக அறிவியல் படித்தவன் அல்ல, கணக்கு ஆசிரியர். செய்த தவறு ஒன்றிலிருந்து கற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் மூன்று பீரோ நிறையப் புத்தகங்கள். பொறுப்பு என் கைக்கு வந்ததும் தமிழ், ஆங்கிலம், கதை, அறிவியல், பொது அறிவு, இதர என்று தட்டுகளில் சீட்டு ஒட்டினேன். ஓராண்டில் ‘இதர’தான் எல்லாவற்றிலும் பெரிதாக வளர்ந்தது. ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, “சார், தென்னங்குருத்தைத் துளைக்கிற வண்டைப் பத்தி புக் இருக்கா? அப்பா கேட்டாங்க” என்றாள். அறிவியல் தட்டைப் புரட்டிவிட்டு, “இல்லம்மா” என்று அனுப்பினேன். ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில், காண்டாமிருக வண்டு பற்றிய கையேடு ‘இதர’வின் அடியில் கிடந்தது. அதற்குள் அவர்கள் தோப்பில் நான்கு கன்றுகள் பட்டுப்போயிருந்தன.

அதன்பிறகுதான் எஸ்.ஆர். ரங்கநாதனைப் படித்தேன். 1892-இல் சீர்காழியில் பிறந்த அவரும் கணக்கு ஆசிரியர்தான். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அப்போது பெயர்பெற்றிருந்தது, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு. அறிவு முழுவதையும் பத்தாகவும், ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகவும் பிரிக்கும் முறை அது. எளிமையானதுதான். ஆனால் வகுத்தவரின் பார்வையும் அதில் ஒட்டிக்கொண்டது. சமயத்துக்கான 200 வரிசையில் பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போக, உலகின் பிற சமயங்களெல்லாம் 290-க்குள் நெருக்கியடித்தன.

பயிற்சிக்காக லண்டன் சென்ற ரங்கநாதன், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொருள்கள் உருவாகின்றன. நூலின் பொருளையும் இப்படிப் பூட்டலாமே என்று தோன்றியிருக்கிறது. 1933-இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு, ஒரு நூலிடம் ஐந்து கேள்விகள் கேட்கிறது: முக்கியமாக எதைப் பற்றியது, என்ன பொருளால் ஆனது, என்ன செயல், எங்கே, எப்போது? விடைகளுக்குரிய குறியீடுகளை நிறுத்தக்குறிகளால் இணைக்கிறார்கள். முக்காற்புள்ளிதான் பெயருக்குக் காரணம். மருத்துவ நூலானாலும் வரலாற்று நூலானாலும் அதில் இந்தியாவுக்கு எண் 44தான்.

ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு அந்தக் குறியீடுகள் ஆகாது. அதனால் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். புத்தகம் ஒரே தட்டில்தான் இருக்கும். பதிவேட்டில் மட்டும் எது, என்ன செயல், எங்கே, எப்போது என நான்கு கட்டங்கள். வண்டுக் கையேடு இப்போது ‘தென்னை’ என்று தேடினாலும் கிடைக்கும், ‘பூச்சித் தடுப்பு’ என்று தேடினாலும் கிடைக்கும். கணிதமேதை ராமானுஜன் வரலாறு கணக்குத் தட்டுக்கா, வாழ்க்கை வரலாற்றுத் தட்டுக்கா என்று எனக்கும் தமிழாசிரியருக்கும் நடந்த வழக்கும் இப்படித்தான் தீர்ந்தது. (தட்டு அவருக்கு, பதிவு இருவருக்கும்.)

தலைப்புகளை நானாக வைக்கவில்லை. ஒரு மாதம் பிள்ளைகள் கேட்டதை அவர்கள் சொற்களிலேயே நோட்டில் எழுதினேன். ‘பொது அறிவு’ வேண்டும் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை! பேய், கிரிக்கெட், பாம்பு, மருதாணி என்றே கேட்டார்கள். அலுவலகக் கணினியில் சுற்றறிக்கைகளை ‘புதியது’, ‘புதியது 2’ என்று சேமிக்கும் நாமும் இந்த நோட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

‘இதர’ தட்டை நான் எடுத்துவிடவில்லை. இன்று அதில் ஏழு புத்தகங்கள் இருக்கின்றன. பத்தைத் தொட்டால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரிப்போம். சென்றமுறை அப்படிப் பிரித்தபோது கிடைத்த தலைப்பு, ‘வீட்டு வைத்தியம்’.