தோரு தத்: இருபத்தொரு வயதில் மறைந்த கவிமகள்



இன்று நாம் நினைவுகூர எடுத்துக்கொண்ட பெண்மணியை நம்மவருள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். வங்காளத்தைச் சேர்ந்த அவருடைய பெயர் தோரு தத். 1856ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த அவர், 1877 ஆகஸ்ட் 30ஆம் நாள் அந்நகரிலேயே காசநோய்க்கு இரையானார். வாழ்ந்தது இருபத்தோர் ஆண்டுகளே.

தந்தையார் கோவிந்த சந்திர தத் கற்றறிந்த செல்வர். 1862இல் குடும்பத்தோடு கிறித்துவ சமயத்தைத் தழுவினார். ஆயினும் தாயாரிடம் கேட்ட சீதை கதையும் பிற பழங்கதைகளும் பிள்ளைகளின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. சமயம் மாறியோர் தாய்நாட்டுக் கதைகளையும் துறந்துவிடுவர் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் இதனைக் கருதுவாராக.

பிள்ளைகள் மூவர். மூத்தவரான ஆண்மகன் 1865இல் சிறுவயதிலேயே இறந்தான். 1869இல் பெற்றோர் மகளிர் இருவரையும் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றனர். பிரான்சில் அவர்கள் பிரெஞ்சு மொழி கற்றனர். பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பெண்களுக்கென நடந்த சொற்பொழிவுகளைக் கேட்டனர். 1873இல் நாடு திரும்பினர். மறு ஆண்டே தமக்கை ஆரு காசநோயால் மாண்டார். தங்கையின் நெஞ்சிலும் இருமல் குடிபுகுந்தது.

அந்த உடல்நிலையோடுதான் தோரு எழுதினார். பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1876இல் கல்கத்தாவில் நூலாக வெளியிட்டார். தமக்கை பெயர்த்து வைத்திருந்த சில கவிதைகளையும் அதில் சேர்த்தார். முன்னுரையோ அழகிய கட்டோ இல்லாத எளிய நூல் அது. இலண்டனில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு அஞ்சலில் வந்தபோது, குப்பைக்கூடைக்கே உரியதென ஆசிரியர் கருதினார். அங்கிருந்த எட்மண்ட் காஸ் என்னும் இளந்திறனாய்வாளர் அதனைப் புரட்டிப் பார்த்து வியந்தார். புறத்தோற்றம் கண்டு எடைபோடும் பழக்கம் எங்கும் உள்ளதுதானே!

அடுத்துத் தந்தையாரோடு அமர்ந்து வடமொழி பயின்றார். சாவித்திரி, துருவன் முதலியோர் கதைகளை ஆங்கிலப் பாக்களாக்கினார். அவை நூலாவதைக் காண அவர் இல்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல நமக்கு மனமில்லை. அச்செல்வர் வீட்டில் மருத்துவர்க்குக் குறைவில்லை, மருந்துதான் இல்லை. அந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24ஆம் நாள். அதனைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். இன்றோ, மருத்துவர் சொன்னபடி மாத்திரைகளை இடைவிடாது உட்கொண்டால் பெரும்பாலோர் ஏறக்குறைய ஆறு மாதங்களில் குணமடைகின்றனர். நம் நாட்டில் 1961ஆம் ஆண்டிலேயே தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாறிருக்க, விடியற்பனியில் பால் வெட்டப் போய் வந்த இருமல்தான் என்று சொல்லி நாள் கடத்துவதா? பெண் கேட்டு வருவோர் என்ன நினைப்பரோ என்று அஞ்சி மகளின் நோயை மறைப்பதா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசாங்க மருந்தகத்திற்குச் சென்று சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கோவிந்த சந்திரருக்கு அந்த வழி இருந்திருந்தால் அவர் எதைத்தான் கொடுத்திருக்கமாட்டார்!

மகள் மறைந்தபின் அவருடைய தாள்களிடையே பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவல் ஒன்றைத் தந்தையார் கண்டெடுத்தார். அது 1879இல் பாரிஸில் அச்சேறியது. பழங்கதைப் பாக்கள் காஸ் எழுதிய முன்னுரையோடு 1882இல் வெளிவந்தன. கோக் தம் கண்டுபிடிப்பை அறிவித்த அதே ஆண்டு!

அந்நூலில் ஒரு சவுக்கு மரத்தைப் பற்றிய கவிதை உண்டு. மலாய் மொழியில் நாம் ரூ என்று அழைக்கும் அதே மரம். தம் இளமையில் வீட்டருகே ஓங்கி நின்ற அம்மரத்தை, அதன் அழகுக்காக மட்டும் தாம் நேசிக்கவில்லை என்கிறார் தோரு. அவர் அதனைப் பாடியபோது, அதன் நிழலில் உடன் விளையாடிய இருவரும் உயிரோடில்லை.