பிள்ளையின் கோபமும் எங்கள் பழைய காயமும்



வழமையாக இந்த நேரத்தில் வரவுசெலவு, சேமிப்பு என்று கதைப்பவன் நான். இம்முறை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். மகனிடம் கேட்டு, அவனுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

சென்ற வருடம் ஒரு மாலை, அவன் படிக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. விடுதியில் சக மாணவன் ஒருவனுக்கு அவன் அடித்துவிட்டான். பரீட்சைக் காலம், மூன்று நாளாக ஒழுங்கான நித்திரையும் இல்லை. இங்கே அமீரகத்தில் ஒரு கைகலப்பு பொலிஸ் வரை போனால் படிப்போடு விசாவும் போய்விடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். பதறிப்போய், "ஏன் தம்பி அடிச்சனி?" என்று கேட்டேன். "அவன் என்னை முறைச்சுப் பார்த்தவன் அப்பா" என்றான்.

அந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் ஊரில் வர்த்தக பீடத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது, பகிடிவதை என்ற பெயரில் ஒரு புதுமுக மாணவனைக் கன்னத்தில் அறைந்தவன் நான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்பதுதான் நான் சொன்ன காரணம். பயத்தில் உதடு நடுங்கியதைச் சிரிப்பென்று நினைத்தேனோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சென்ற வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர், பகிடிவதையில் கடும் உடற்பயிற்சி செய்விக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடமே, 1998இல், பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. சட்டம் ஓங்கிய கையைப் பிடிக்கும். அந்தக் கை ஏன் ஓங்குகிறது என்பதை நாங்கள்தான் தேட வேண்டும்.

1987 ஒக்ரோபரில் எனக்குப் பதினைந்து வயது. நல்லூர்க் கோயிலில் ஆயிரக்கணக்கான சனத்தோடு நாங்களும் தங்கியிருந்தோம். அதுவரை என்மேல் கை வைக்காத அப்பா, வீடு திரும்பிய பிறகு ஒரு பாத்திரம் விழுந்த சத்தத்துக்கே அடிக்கத் தொடங்கினார்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. போரைக் கூடுதலாகக் கண்ட பிள்ளைகள் வீட்டிலும் கூடுதலான வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். தகப்பனின் குடியும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது.

அடி வாங்கி வளரும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அமெரிக்காவில் டொட்ஜ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1990இல் இதை விளக்கினார்கள். அப்படிப்பட்ட பிள்ளை மற்றவர்களின் சாதாரண செய்கையையும் பகையாகவே வாசிக்கப் பழகிவிடுகிறது. ஆபத்து நிறைந்த வீட்டில் அந்தப் பழக்கம் பிள்ளையைக் காப்பாற்றும். பல்கலைக்கழக விடுதியில் அதுவே வம்பாகிறது. நித்திரையின்மை, பரீட்சை, கட்டணக் கவலை எல்லாம் சேர்ந்தால், நிதானிக்க வேண்டிய அந்த ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை.

என் மகன் இங்கே பிறந்தவன், ஷெல் சத்தம் கேட்டறியாதவன். ஆனால் என் சத்தம் கேட்டிருக்கிறான். வேலை போய்விடுமோ, விசா முடிந்துவிடுமோ என்ற பயத்தில் நான் கத்திய இரவுகளும், ஓங்கிய இடுப்புப்பட்டியும் அவனுக்கு ஞாபகம் இருக்கின்றன. கணக்கை மூடாமல் விட்டால் பழைய மீதி அடுத்த வருடத்தின் முதல் வரியில் வந்து நிற்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். என் வீட்டில் அதைக் கவனிக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். துன்பப்பட்டவர்கள் எல்லோரும் கை நீட்டுவதில்லை. பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்யாமலே வாழ்கிறார்கள். அதனால் பழைய காயம் காரணமாகலாம், சாட்டாக முடியாது. என் மகன் அந்த மாணவனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டான், தண்டனையையும் ஏற்றுக்கொண்டான். அங்குள்ள உளவளத்துணையாளரிடம் இப்போதும் போய்வருகிறான்.

நானும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நல்லூரையும், அப்பாவையும், நான் அறைந்த அந்தப் பெடியனையும் பற்றி முதன்முறையாகச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே அப்பா" என்றான்.

உளவளத்துணை என்றாலே "ஊர் என்ன சொல்லும்" என்று தயங்கும் பெற்றோரை நான் அறிவேன். நானும் அப்படித்தான் இருந்தேன். பிள்ளை சின்ன விடயத்துக்கும் சீறினால், நித்திரை குறைந்தால், நண்பர்களை விட்டு விலகினால், அதைத் திமிர் என்று முடிவு கட்டாதீர்கள். உதவி தேடுங்கள். இன்றிரவு பிள்ளை வீட்டுக்கு வந்ததும், புள்ளி எத்தனை என்று கேட்கமுன், "நித்திரை கொண்டனியோ?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.