செதில் படையும் குடியும்

(காஞ்சிபுரம் வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



1937-ஆம் ஆண்டு அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கிய நாள் முதல், குடியைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் கூலி, கடன், குடும்பம் என்பவற்றையே சுற்றி வந்துள்ளது. இன்று நான் தோலைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நான் வைத்தியன் அல்லேன். படித்தும் வைத்தியரிடம் கேட்டும் அறிந்ததையே சொல்லுகிறேன்.

காரணம், நம் வட்டாரத்து நெசவாளர் ஒருவர். அவருடைய முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்து தடித்த படை. அதன் மேல் வெள்ளி போன்ற செதில். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேளையில் அவரோடு நிற்க ஆள் வரவில்லை. தொழுநோய் என்று எண்ணிவிட்டனர். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவமனை நெடுங்காலமாக இருப்பதால் நம் பக்கத்தில் அந்த அச்சம் சற்று மிகுதி போலும். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மரத்துப்போகும். அதுவும் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகிறது. இவருக்கு வந்திருப்பதோ, சோரியாசிஸ் என்றும் சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப் படை என்றும் சொல்லப்படும் செதில் படை. இது தொட்டால் ஒட்டுவதே இல்லை. 2014-ஆம் ஆண்டில் உலக சுகாதார சபையும் இதைத் தொற்றாத நோய் என்றே தீர்மானத்தில் குறித்தது.

அவமானம் பொறாமல் அவர் மாலைதோறும் குடிக்கலானார். படை முதுகுக்கும் பரவிற்று.

அது எவ்வாறு? நம் இரத்தத்தில் வெள்ளணுக்கள் என்னும் காவலர் உண்டு. கிருமி நுழைந்தால் அவை இரசாயனச் செய்திகளை அனுப்பி ஒன்றுதிரளும். இந்நோயிலோ, விரட்டக் கிருமி இல்லாதபோதும் செய்தி ஓயாது பறந்துகொண்டிருக்கும். டி.என்.எப். ஆல்பா, இன்டர்லூக்கின் 17 முதலியவை அச்செய்திகள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய மேல்தோல், இவற்றின் தூண்டுதலால் நான்கைந்து நாளில் வளர்ந்து, உதிர வழியின்றி அடுக்கடுக்காய்க் குவிகிறது. மது குடலின் உட்சுவரைத் தளர்த்துகிறது. அங்குள்ள கிருமிகளின் நஞ்சு இரத்தத்தில் கசிகிறது. காவலர் மேலும் கூக்குரலிடுகின்றனர், டி.என்.எப். ஆல்பா பெருகுகிறது. எரிகிற அடுப்பில் விறகைத் திணிப்பது போலத்தான்.

ஆனால் ஒன்று. குடிப்பவர் அனைவருக்கும் இது வருவதில்லை. ஒரு துளியும் தொடாதவருக்கும் வருவதுண்டு. பரம்பரை இயல்பும் இதற்கு ஒரு காரணம். ஆகவே படையைக் கண்டதும் குடிகாரன் என்று பட்டம் கட்டிவிடாதீர்கள்.

இதற்குத் தரும் மருந்துகளில் மெதோட்ரெக்சேட் ஒன்று. வாரம் ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டியது. தவறித் தினந்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. ஈரலைத் தாக்கக்கூடிய அம்மருந்தோடு மதுவும் சேர்ந்தால் ஈரல் தாங்காது. நம் நெசவாளர் குடிப்பதை வைத்தியரிடம் மறைத்திருந்தார். நான் வற்புறுத்திய பிறகே சொன்னார். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும் என்பதால், வைத்தியரின் மேற்பார்வையிலேயே இப்போது விட்டுவருகிறார்.

வரும் வெள்ளியன்று அவர் வீட்டுப் பாவு தெருவுக்கு வருகிறது. நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பாவு பிடித்துப் பழக்கமில்லை. பழகிய கைகள் நான்கைந்து வேண்டுமாம்.