விம்பிள்டன் டென்னிஸ் பந்தயம்



நம் தோட்டத் திடல்களில் பந்து விளையாட்டும் பூப்பந்தும் நன்கு பழகியவை. டென்னிஸோ, துரைமார்கள் கிளப்பில் ஆடிய ஆட்டம் என்றே முதியவர்கள் சொல்வார்கள். ஆயினும் அந்த ஆட்டத்துக்கும் பால்மரத்துக்கும் உறவு உண்டு. துணியும் மயிரும் அடைத்த பழைய பந்து புல்தரையில் துள்ளாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தும் முறையை 1839-இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார். அதன் பயனாகத் துள்ளும் ரப்பர்ப் பந்து கிடைத்தது. புல்தரை டென்னிஸும் பிறந்தது.

லண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியில் 1877 ஜூலை 9-ஆம் நாள் முதல் பந்தயம் தொடங்கியது. கலந்து கொண்டவர்கள் 22 பேர், அனைவரும் ஆண்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறத்தாழ 200 பேர் இறுதி ஆட்டத்தைக் கண்டனர். ஸ்பென்சர் கோர் வென்றார். கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும் அதே 1877-இல்தான்!

இப்பந்தயத்தின் மரபுகள் பல. ஆட்டக்காரர்கள் வெள்ளை உடையே அணிய வேண்டும். புல்லை எட்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சீராக வெட்டி வைப்பார்கள். பார்வையாளர்கள் ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பாலாடையுடன் சுவைப்பார்கள். இரண்டு உலகப் போர்களின்போதும், கொவிட் நோய் பரவிய 2020-இலும் பந்தயம் நடைபெறவில்லை. 1940-இல் நடுத்திடலின் மீது குண்டே விழுந்தது.

மரபைக் காத்தவர்கள் சில கதவுகளை மெதுவாகத்தான் திறந்தார்கள். பெண்களுக்கான ஒற்றையர் ஆட்டம் 1884-இல் வந்தது. மாட் வாட்சன் தம் சொந்தத் தமக்கையையே வென்று பட்டம் பெற்றார். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு 1968 வரை இடமில்லை. பணம் வாங்காமல் ஆட வேண்டுமென்றால், ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? அவ்வாண்டு பரிசுப்பணம் வந்தபோதும், ஆண் வெற்றியாளருக்கு 2,000 பவுன், பெண்ணுக்கு 750 பவுன்தான். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று நம் தோட்டங்களில் இருந்ததைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? விம்பிள்டனில் சமப்பரிசு 2007-இல்தான் வந்தது.

கறுப்பினத்தவரில் முதன்முதலாக ஒற்றையர் பட்டம் வென்றவர் அல்தியா கிப்சன். அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் தென் கரோலினாவில், பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு விளைச்சலைப் பங்கிட்டுக் கொண்ட உழைப்பாளிகள். அவர் நியூயார்க் தெருவில் மட்டை பிடித்துப் பழகியவர். 1957-இல் எலிசபெத் அரசியாரின் கையால் பரிசு பெற்றார். மறு ஆண்டும் வென்றார்.

தமிழரும் அங்கே பெயர் பதித்துள்ளனர். ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் இளையோர் பட்டம் வென்றார்; 1960, 1961 ஆகிய ஈராண்டும் அரையிறுதி வரை முன்னேறினார். அவர் மகன் ரமேஷ் 1979-இல் அதே இளையோர் பட்டத்தைப் பெற்றார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மட்டையைக் கேட்டால், 'அது நமக்குரிய ஆட்டமன்று' என்று தடுக்காதீர்கள். பருத்திக் காட்டுத் தொழிலாளியின் மகள் சென்ற இடத்துக்குப் பால்காட்டுப் பிள்ளையும் செல்லலாம்.