உடந்தையும் தண்டனையும்

ஒரு கொலையைச் செய்த கை ஒன்றாக இருக்கலாம். அதற்கு வழிவகுத்தவர் பலராக இருக்கலாம். அவர்களுள் எவரை எவ்வளவு பொறுப்பாளியாக்குவது என்பது குற்றவியல் சட்டத்தின் அரிய வினாக்களுள் ஒன்று. அவ்வினாவோடு பெங்களூருக்கும் தொடர்புண்டு.

1991-ஆம் ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். குண்டைத் தாங்கி வந்த பெண் அவ்விடத்திலேயே மாண்டாள். செயலை முன்னின்று நடத்திய சிவராசன் பெங்களூரின் தென்புறத்தே கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார். காவற்படையினர் அவ்வீட்டைச் சூழ்ந்திருந்த நிலையில், ஆகஸ்டு 20 அன்று அவரும் உடனிருந்த அறுவரும் உயிரை மாய்த்துக்கொண்டனர். குற்றப்பத்திரிகையில் கண்ட 41 பேருள் 12 பேர் இறந்துவிட்டனர், மூவர் அகப்படவில்லை. எஞ்சிய 26 பேரே விசாரணைக்கு நின்றனர். குண்டை வெடித்த கை அவர்களுள் எவருடையதும் அன்று. ஆதலின் அவ்வழக்கு முழுவதும் உடந்தையைப் பற்றிய வழக்காகவே அமைந்தது.

இத்தகையோரைப் பற்றிச் சட்டம் யாது கூறுகிறது? 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்த நெறிகளையே, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் பெரும்பாலும் பின்பற்றுகிறது. குற்றம் புரியுமாறு தூண்டுவோரும், அறிந்தே அதற்கு உதவுவோரும் உடந்தையாளர் ஆவர். குற்றம் புரிய இருவரோ பலரோ உடன்படுவது கூட்டுச்சதி. தூண்டிய குற்றம் நிகழ்ந்துவிட்டால், செய்தவனுக்குரிய தண்டனையே தூண்டியவனுக்கும் உரியது. கொலையாயின் அது மரணமாகவும் இருக்கலாம். குற்றம் முடிந்தபின் குற்றவாளியை மறைத்து வைப்பவர் நிலை வேறு. மரண தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்தவனுக்கு அறிந்தே புகலிடம் தந்தவருக்கு 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கணவன் மனைவிக்கோ, மனைவி கணவனுக்கோ தரும் புகலிடம் இதில் அடங்காது.

ஆகவே, முன்னரே உடன்பட்டவர் யார், பின்னர் மறைத்தவர் யார் என்னும் வேறுபாட்டில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தது. நால்வருக்கு மரணமும் மூவருக்கு ஆயுள் சிறையும் என்று தீர்த்தது. மற்ற 19 பேரையும் கொலைச்சதிக் குற்றத்தினின்று விடுவித்தது. சதிகாரரோடு பழகியதோ, பின்னர் அவர்களுக்கு உதவியதோ மட்டும் ஒருவரைச் சதிகாரர் ஆக்கிவிடாது. சதிக்கு உடன்பாடு வேண்டும்.

மரண தண்டனை பெற்ற நால்வருள் ஒருவர் பேரறிவாளன். 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டு வாங்கித் தந்தார் என்பது அவர்மீது கூறப்பட்டவற்றுள் முக்கியமானது. மின்கலம் எவரும் கடையில் வாங்கும் பொருள்; எதற்காக என்று அறிந்து வாங்கினாரா என்பதே வினா. தடா சட்டத்தின்படி காவல் அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிரான சான்றாயிற்று. 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கிலிட நாளும் குறிக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் தடையால் அது நின்றது. 2013-இல், வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, அம்மின்கலங்களின் நோக்கம் தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதவில்லை என வெளிப்படையாகத் தெரிவித்தார். கருணை மனுக்கள் மீதான நெடுந்தாமதத்தைக் காரணமாகக் கொண்டு, 2014-இல் உச்ச நீதிமன்றம் அவரது தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று அவர் விடுதலையானார். குறித்த நாளில் தண்டனை நிறைவேறியிருந்தால், அதிகாரியின் கூற்று அவருக்கு எப்பயனும் தந்திராது.

குற்றத்திற்குத் துணைநின்றவர் தண்டனைக்குத் தப்பலாகாது என்பது நியாயமே. ஆயினும் உதவி செய்த கையை மட்டும் கண்டு தீர்ப்பளித்தல் போதாது. அவர் அறிந்திருந்தாரா, எப்பொழுது அறிந்தார், எதற்கு உடன்பட்டார் என்னும் மூன்று வினாக்களுக்கும் ஐயத்திற்கிடமற்ற விடை கண்டபின்னரே தண்டனையின் அளவை முடிவு செய்தல் வேண்டும்.